இரங்கல் அட்டைக்கு எவ்வளவு மை வேண்டும்?

கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் வீட்டில் சாமான்கள் சேர்ந்துகொண்டே போகும். மினுக்குத்தூள், தங்கப் பவுடர், ரிப்பன், விதவிதமான பூ ஸ்டாம்ப் என்று என் அலமாரியும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இரங்கல் அட்டைக்கென்று தனியாக வைத்திருக்கும் தட்டில் சாம்பல் நிற மை, வெள்ளை அட்டைத்தாள், நாலைந்து ரப்பர் ஸ்டாம்ப், ஒரு நல்ல பேனா, இவ்வளவுதான். அந்தப் பேனாவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அட்டையைச் செய்துவிடலாம்.

அமெரிக்காவுக்குக் குடிவந்த நம்மவர்களுக்கு அக்கம்பக்கத்தில் சாவு என்றால் என்ன செய்வதென்றே தெரிவதில்லை. ஊரில் யோசிக்கவே வேண்டாம். காதில் விழுந்ததும் போட்டது போட்டபடி கிளம்புவோம். வாசலில் கிடக்கும் நாற்காலியில் போய் உட்காருவோம். யாரும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள், நாமும் "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமல் எழுந்து வருவோம். பேச்சு தேவையில்லை. போய் உட்கார்ந்தோமே, அதுதான் துக்கம் விசாரிப்பது. இங்கே மிச்சிகனில் எங்கள் தெருவில் ஒருவர் இறந்துபோனால் வாசலில் ஒரு மாற்றமும் தெரியாது. அடக்கம் ஒரு வாரம் தள்ளிக்கூட நடக்கும். கூப்பிடாமல் போய்க் கதவைத் தட்ட நமக்குக் கூச்சம். எதிர் வீட்டுப் பெரியவர் இறந்த செய்தியைக் கும்பகோணத்துக்குப் போனில் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது இதைத்தான்.

"போய்ப் பாத்தியாடி?"

"திடுதிப்புனு போய் நிக்க முடியாதும்மா. இங்கல்லாம் அட்டை எழுதி அனுப்புவாங்க."

"சாவுக்கு அட்டையா? துக்கக் கடுதாசிய நம்ம வீட்ல உள்ளயே எடுத்துட்டு வர மாட்டோமே."

"இவங்க அதைப் பெட்டியில எடுத்து வெச்சு வருஷக்கணக்கா படிப்பாங்கம்மா."

"அப்படின்னா பாத்து எழுது."

அம்மா சொன்னது சரிதான். கல்யாணப் பத்திரிகை என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள். சாவுச் செய்தி என்றால் மூலையில் கறுப்பு மை. படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவோம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் கறுப்புதான். 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்ததிலிருந்து 1901-ல் தான் இறக்கும்வரை விக்டோரியா ராணி கறுப்புக் கரை போட்ட தாளில் எழுதினார். அந்தக் காலத்தில் துக்கம் புதிதாக இருக்கும்போது கரை அகலமாகவும், நாளாக ஆகக் குறுகலாகவும் இருக்கும். பிரித்துப் படிக்காமலே எந்த வீட்டில் எவ்வளவு துக்கம் என்று தெரிந்துவிடும். இன்று அந்தக் கரை போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்திருக்கும் இரங்கல் அட்டை மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும்கூட வரிசையாகக் கிடைக்கிறது. 1910-ல் கான்சஸ் சிட்டியில் இரண்டு ஷூ பெட்டி நிறையத் தபால் அட்டையோடு வந்திறங்கிய ஜாய்ஸ் ஹால் என்ற பதினெட்டு வயதுப் பையன் தொடங்கியதுதான் ஹால்மார்க் அட்டைக் கம்பெனி. அவர்கள் அட்டைகளில் அழகானவை பல உண்டு. எனக்கு உள்ள குறை ஒன்றுதான். பெரும்பாலான கடை அட்டைகளின் உள்ளே நீளமாக ஒரு கவிதை அச்சாகியிருக்கும், வாங்குகிறவர் அதன் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார். துக்கத்தில் இருப்பவர் கையில் கடைசியில் கிடைப்பது முன்பின் தெரியாத யாரோ எழுதிய வரிகள். கையால் செய்தால் உள்பக்கம் முழுவதும் நமக்கு.

இனி செய்முறை. அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் தாள் 8½ × 11 அங்குலம். நீளவாட்டில் 5½ அங்குலத்தில் வெட்டி, ஒவ்வொரு பாதியையும் 4¼ அங்குலத்தில் மடித்தால் இரண்டு அட்டை கிடைக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ ஏ4 தாளைப் பாதியாக்கி மடித்தால் 105 × 148 மில்லிமீட்டரில் அட்டை வரும். தாள் 250-லிருந்து 300 ஜிஎஸ்எம் வரை இருக்கட்டும். அவ்வளவு கனமான தாளை வெறுமனே மடித்தால் மடிப்பில் நார் பிய்ந்து வெடிக்கும். அதனால் முதலில் ஸ்கேல் வைத்து, மழுங்கிய முனையால் ஒரு கோடு அழுத்திக்கொண்டு பிறகு மடிக்க வேண்டும். தூய வெள்ளையைவிட லேசாகப் பால் நிறம் கலந்த தாள் எனக்குப் பிடிக்கும். சாம்பல் மை அதில் கொஞ்சம் கதகதப்பாகத் தெரியும்.

ரப்பர் ஸ்டாம்ப் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குத் தாலுகா ஆபீஸும் பேங்க்கும்தான் ஞாபகம் வரும். தொடக்கமும் அப்படித்தான். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டார். 1860-களில் அந்த ரப்பரில் முத்திரைகள் வந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆபீஸ் மேசையில் கிடந்த அந்தப் பொருள் கைவினைக்காரர்கள் கைக்குப் பரவலாக வந்தது 1970-களிலும் அதற்குப் பிறகும்தான். ஹீரோ ஆர்ட்ஸ் என்ற ஸ்டாம்ப் கம்பெனி கலிபோர்னியாவில் 1974-ல் தொடங்கியது, ஸ்டாம்பின் அப் என்ற இன்னொரு கம்பெனி 1988-ல். இப்போது ஸ்டாம்பில் இரண்டு ஜாதி. ஒன்று செந்நிற ரப்பரில் ஆழமாகச் செதுக்கியது. இன்னொன்று கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிமர், அக்ரிலிக் கட்டையில் ஒட்டி அடிப்பது. எங்கே விழுகிறது என்று பார்த்து அடிக்கலாம் என்பதால் எழுத்துகளுக்குப் பாலிமர் வசதி. தூரிகையால் தீட்டியது போன்ற இலைக்கும் கிளைக்கும் நான் ரப்பரைத்தான் எடுப்பேன். மையை அது பிடித்துக்கொள்ளும் விதமே வேறு. புது பாலிமர் ஸ்டாம்பில் மை முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பென்சில் அழிப்பானால் மேற்பரப்பை ஒரு தடவை லேசாகத் தேய்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.

எதிர் வீட்டுப் பெரியவருக்குப் பறவை என்றால் உயிர். எவ்வளவு பனி கொட்டினாலும் காலையில் முதல் வேலையாகத் தோட்டத்தில் தொங்கும் கூண்டில் தீனியை நிரப்புவார், அப்புறம்தான் தன் வாசல் பனியை அள்ளுவார். அதனால் அவர் வீட்டுக்குப் பூ வேண்டாம் என்று முடிவு செய்தேன். இங்கே இரங்கல் அட்டைகளில் சிவப்பு கார்டினல் பறவையை நிறையப் பார்க்கலாம். இறந்தவர் அந்தப் பறவையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அந்த வீட்டில் உண்டா என்று எனக்குத் தெரியாது. அதனால் சிக்கடீயை எடுத்தேன். தலையில் கறுப்புத் தொப்பி, சாம்பல் முதுகு, வெளுத்த வயிறு. மிச்சிகன் குளிரிலும் ஊரைவிட்டுப் போகாத குருவி அது.

முன்னால் இருப்பதை முதலில் அடிக்க வேண்டும், பின்னால் இருப்பதைப் பிறகு. இந்த ஒரு விதி தெரிந்தால் ஸ்டாம்ப் வேலையில் பாதி தெரிந்த மாதிரி. குருவியை அட்டையில் அடித்தேன். அதே குருவியைப் பின்பக்கம் பசையுள்ள சிறு ஒட்டுத்தாளிலும் அடித்து, கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே கத்தரித்தேன். வெளியே தள்ளிக் கத்தரித்தால் குருவியைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு நின்று ஒட்ட வைத்தது போலாகிவிடும். அந்த ஒட்டுத்தாள் குருவியால் அட்டைக் குருவியை மூடிவிட்டு அதன்மேல் கிளை ஸ்டாம்பை அடித்தேன். தாளை உரித்ததும் கிளை குருவியின் பின்னால் போய்விடும், குருவி அதன்மேல் உட்கார்ந்திருக்கும்.

அடுத்ததுதான் இரங்கல் அட்டைக்கு என்றே கண்டுபிடித்தது போன்ற வேலை. கிளை ஸ்டாம்பில் மை ஒற்றி, உடனே அட்டையில் அடிக்காமல் கழிவுத்தாளில் ஒரு தடவை அடித்துவிடுங்கள். மறுபடி மை ஒற்றாமல், மிச்சம் ஒட்டியிருக்கும் மையோடு அட்டையில் அடியுங்கள். பாதிக்கும் குறைவான அடர்த்தியில், மூடுபனிக்குள் நிற்கிற கிளை மாதிரி விழும். கழிவுத்தாளில் இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாவதை அட்டையில் அடித்தால் இன்னும் மங்கலாக, கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு வரும். ஒரே ஸ்டாம்ப், ஒரே மை. அதிலேயே கிட்டத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, ரொம்பத் தூரத்தில் ஒன்று என்று மூன்று கிளை. இப்படி அடித்துப் பழகியவர்கள் இரங்கல் அட்டைக்கு வேறு நிறம் தேடிப் போக மாட்டார்கள்.

சாம்பல் நிறத்தை நான் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் சாவு வீட்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் கவரில் தங்கள் பெயரை எழுதுகிறவர்கள் அடர்ந்த கறுப்பு மையைத் தொடுவதில்லை. நீர்த்த சாம்பல் மையில் எழுதுவார்கள், அதற்கு 'உசுசுமி' என்று பெயர். கண்ணீர் விழுந்து மை கரைந்துபோனது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இதைக் கேள்விப்பட்ட பிறகு கறுப்பு மையில் இரங்கல் அட்டை செய்ய எனக்குக் கை வரவில்லை. நான் பயன்படுத்தும் மெமென்டோ, வெர்சாஃபைன் மைகளும் சுகினேகோ என்ற ஜப்பானியக் கம்பெனி செய்பவைதான். மெமென்டோ சட்டென்று காய்ந்துவிடும், படத்துக்கு ஏற்றது. வெர்சாஃபைன் காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் பொடி எழுத்தின் கால்கூட உடையாமல் விழும். முகப்பில் வலப்பக்கம் கீழே சின்ன எழுத்தில் ஒரே ஒரு வாசகம் போதும். அட்டையில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளையாகவே இருக்கட்டும். அந்த வெள்ளை உறுத்துகிறது, எதையாவது அடித்து நிரப்பலாம் என்று கை பரபரக்கும். விட்டுவிடுங்கள்.

வாசகத்தை வெள்ளையில் மேலெழும்பச் செய்ய நினைப்பவர்கள் சாம்பல் தாளில் பசைத்தன்மையுள்ள நிறமற்ற மையை அடித்து, வெள்ளை எம்பாஸிங் பவுடரைத் தூவித் தட்டிவிட்டு, ஹீட் கன் காட்டினால் போதும். பொரபொரவென்று இருக்கும் எழுத்து ஓரத்தில் உருகத் தொடங்கி, பளபளப்பு எழுத்துக்கு எழுத்து நகர்ந்து போவதைப் பார்க்கலாம். கடைசி எழுத்து பளபளத்ததுமே சூட்டை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பவுடர் தாளுக்குள் இறங்கி மங்கிவிடும். தங்கம், வெள்ளி, மினுக்கு மூன்றும் இந்த அட்டையில் வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பிரித்ததும் துக்க வீட்டு மேசையெல்லாம் மினுக்குத்தூள் கொட்டினால் அதைவிடக் கொடுமை இல்லை.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். கிறிஸ்தவர்களுக்கு லில்லியும் சிலுவையும் ஆறுதலாக இருக்கும். யூதர் வீட்டுக்கு இரண்டுமே பொருந்தாது, துக்க வீட்டுக்குப் பூ அனுப்புவதே அவர்களிடம் வழக்கமில்லை. அங்கே ஒரு இலையோ கிளையோ போதும், வெறும் எழுத்து இன்னும் நல்லது. நம் வீடுகளுக்கு அனுப்பும்போதுதான் அதிக கவனம் வேண்டும். இந்திய ஜாடை இருக்கட்டும் என்று நினைத்துக் கடையில் கிடைக்கும் கோல ஸ்டாம்பை எடுத்துவிடுவார்கள். சாவு வீட்டில் வாசலில் கோலமே போட மாட்டோம், அட்டையில் எப்படிப் போடுவது? மஞ்சளும் குங்குமச் சிவப்பும் கூடாது. மாவிலையும் வாழை மரமும் கல்யாணத்துக்கு. இறந்தவர் படத்துக்கு முன்னால் ஏற்றி வைக்கும் ஒற்றை விளக்கு பொருந்தும். வெள்ளைப் பூ பொருந்தும்.

வேறொரு மாநிலத்தில் இருக்கும் என் தோழியின் அப்பா மதுரையில் இறந்தபோது அவளால் போக முடியவில்லை. விசா சிக்கல். தகனத்தைப் போன் திரையில் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழ ஒரு சொந்தம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு வரும் துக்கங்களில் இது தனி ரகம், இதற்கு எந்தக் கடையிலும் அட்டை இல்லை. அவளுக்காக நந்தியாவட்டைப் பூவை அழிப்பானில் ஸ்டாம்பாகச் செதுக்கினேன். அந்தப் பூ செதுக்கச் சுலபம். ஐந்து இதழ், ஐந்தும் ஒரே பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கும். மெல்லிய தாளில் மென்பென்சிலால் வரைந்து, அதை அழிப்பான்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் கோடு ஒட்டிக்கொள்ளும். கவிழ்ந்து ஒட்டுவதால் அச்சில் மறுபடி நேராகிவிடும். இதழ் ஓரத்தைச் செதுக்கும்போது கத்தியை வெளிப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். உள்பக்கம் சாய்த்தால் அடியில் பிடிமானம் இல்லாமல், அழுத்தும்போது இதழ் விளிம்பு மடங்கும். சாம்பல் தாளில் வெள்ளை மையில் ஒரே ஒரு பூ. உள்ளே தமிழில் எழுதினேன்.

இப்போது பேனாவுக்கு வருகிறேன். முகப்பை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அவர்கள் திரும்பத் திரும்பப் படிக்கப் போவது உள்ளே எழுதியதைத்தான். தனியாக ஒரு வெள்ளைத் தாளை அட்டையைவிடக் கால் அங்குலம் சிறியதாக வெட்டி, அதில் எழுதி, பிறகு உள்ளே ஒட்டுங்கள். எழுத்து சரியாக வரவில்லை என்றால் அந்தத் தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எமிலி மெக்டவல் என்ற அமெரிக்க ஓவியர் இளம் வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர். என்ன சொல்வதென்று தெரியாததாலேயே நெருங்கியவர்கள் பலர் விலகிப் போனதுதான் அந்த நாள்களில் தனக்குப் பெரிய துன்பம் என்று சொல்லியிருக்கிறார். 2015-ல் அவர் கொண்டுவந்த அட்டைகள் அதிலிருந்து பிறந்தவை. அதனால் எழுதத் தெரியவில்லை என்று எழுதாமல் இருந்துவிடாதீர்கள். எழுதும்போது இறந்தவரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். பெரும்பாலான அட்டைகளில் 'உங்கள் இழப்பு', 'இந்தக் கடினமான நேரம்' என்று வரும், பெயர் வராது. அடக்கம் முடிந்த பிறகு அந்தப் பெயரைப் பிறர் வாயால் கேட்பதே அவர்களுக்கு அரிதாகிவிடுகிறது. பேச்சில் அந்தப் பெயர் வந்துவிடாமல் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். தாளில் நம் கையெழுத்தில் அது இருக்கட்டும்.

அடுத்து, நமக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். எதிர் வீட்டு அம்மாவுக்கு நான் எழுதியது பனியையும் பறவைத் தீனியையும் பற்றித்தான். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெரியவர் போனதை எழுதினேன். அவர் குணத்தைப் புகழ்ந்து பத்து வரி எழுதியிருந்தாலும் இதற்கு ஈடாகாது. 'நல்ல இடத்துக்குப் போய்விட்டார்', 'எல்லாம் நன்மைக்கே', 'காலம் எல்லாவற்றையும் ஆற்றும்' ஆகிய மூன்றும் வேண்டாம். 'எது வேண்டுமானாலும் கேளுங்கள்' என்பதும் வேண்டாம். அந்த நிலையில் யாரும் கேட்க மாட்டார்கள். 'வியாழக்கிழமை குப்பைத் தொட்டியை நாங்கள் தெருவுக்கு இழுத்து வைக்கிறோம்' என்று எழுதி, செய்துவிடுங்கள்.

காலம் ஆற்றும் என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு ஆபிரகாம் லிங்கன் ஒரு விதத்தில் பதில் சொல்லியிருக்கிறார். 1862 டிசம்பர் 23 அன்று, உள்நாட்டுப் போரில் தந்தையை இழந்த ஃபேனி மெக்கல்லோ என்ற பெண்ணுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இப்போது உன்னால் நம்ப முடியாது, ஆனால் நீ மறுபடி மகிழ்ச்சியாக இருப்பாய் என்பது அதன் சாரம். அதைச் சொல்லும் தகுதி தனக்கு அனுபவத்தில் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதினார். ஒன்பது வயதில் தாயை இழந்தவர், அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மகன் வில்லியையும் புதைத்திருந்தார். போர் நடத்திக்கொண்டிருந்த ஜனாதிபதி ஓர் இளம்பெண்ணுக்காக உட்கார்ந்து கையால் எழுதியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு இளகிவிடும். அதே மாதிரி இழப்பைக் கடந்து வந்தவர்கள் அப்படி எழுதலாம். மற்றவர்கள், 'எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்' என்று உள்ளதை எழுதினால் போதும்.

தபாலில் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். சதுரக் கவருக்கும், ஃபோம் டேப் வைத்து மேடு தட்டும் கவருக்கும் அமெரிக்கத் தபால் துறை கூடுதல் கட்டணம் வாங்கும். இரங்கல் அட்டை தட்டையாகவே இருக்கட்டும். முகவரியைக் கையால் எழுதுங்கள், அச்சிட்ட லேபிள் ஒட்டினால் ஏதோ பில் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

தாமதமாகிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். இங்கே முதல் இரண்டு வாரம் அட்டைகள் குவியும், அப்புறம் ஒன்றும் வராது. பதினாறாம் நாள், முப்பதாம் நாள், வருஷத் திதி என்று நம்மவர்கள் வைத்திருக்கும் கணக்கு எவ்வளவு யோசித்து வைத்தது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யூதர்களிடமும் ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு நாள் என்று கிட்டத்தட்ட இதே கணக்கு உண்டு. அதனால் முப்பதாம் நாளை ஒட்டி ஒரு சின்ன அட்டை, வருஷம் திரும்பும்போது இன்னொன்று என்று நான் அனுப்புகிறேன். வருஷ அட்டைக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அதே கிளை ஸ்டாம்ப், கழிவுத்தாளில் இரண்டு தடவை அடித்த பிறகு மிஞ்சும் மை, உள்ளே அவர் பெயரோடு இரண்டு வரி. அந்தத் தேதியை முதல் அட்டையைத் தபாலில் போடும் அன்றே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் மறந்துபோகும்.